7,000 ரூபாய் ஸ்டைபண்டில் எலெக்ட்ரீஷியன் டூல்ஸ்: எதை முதல்ல வாங்கணும், எதை வாங்கவே கூடாது?



வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், சம்பள அக்கவுண்ட்னுதான் பேசுவோம். இந்த முறை, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துலயே கழுத்தைப் பிடிக்கிற ஒரு செலவைப் பத்திப் பேசப் போறோம்.

ஐடிஐ-யில எலெக்ட்ரீஷியன் டிரேடு ரெண்டு வருஷம் முடிச்சுட்டு அப்ரண்டிஸா சேர்ந்திருக்கீங்க. இல்லைன்னா உங்க தம்பியோ தங்கச்சியோ சேர்ந்திருக்காங்க. படிக்கும்போது இன்ஸ்டிட்யூட் கொடுத்த கிட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு. இப்போ சைட்ல சீனியர் அண்ணன் கேட்கிறது ஒரே கேள்விதான்: "உன் டூல்ஸ் எங்கப்பா?"

கையில முதல் மாசப் பணம். ஒரு பக்கம் "299 ரூபாய்க்கு 15 ஐட்டம்"னு ரோட்டோரக் கடையில ஒரு செட். இன்னொரு பக்கம் "மாசம் 400 மட்டும்"னு போன்ல டிரில் மெஷின் விளம்பரம். ரெண்டுமே இப்போ உங்களுக்கு வேண்டாம். ஏன்னு கீழே சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்தப் பதிவு முழுசுக்கும் ஒரே விதி:

உங்களுக்கும் கரண்டுக்கும் நடுவுல நிக்கிற டூலுக்குக் காசு பார்க்காதீங்க. மத்த எல்லாத்துக்கும் நல்லாவே காசு பாருங்க.

முதல்ல வருமானக் கணக்கு

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல வந்தது. அதுக்குக் கீழ உள்ள விதிகள்ல 2019-ல செஞ்ச திருத்தப்படி, ஐடிஐ சான்றிதழ் வச்சிருக்கிறவங்களுக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் மாசம் 7,000 ரூபாய். ரெண்டாவது வருஷம் 10 சதவீதம் கூடும். 2025 மே மாசம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தணும்னு பரிந்துரை செஞ்சது. அதனால உங்க ஒப்பந்தத்துல என்ன தொகை போட்டிருக்குன்னு நீங்களே ஒரு தடவை எடுத்துப் பாருங்க. இந்தப் பதிவுல கணக்குக்கு 7,000-ஐயே வச்சுக்குவோம். அதுக்கு மேல வந்தா உங்களுக்கு லாபம்.

இன்னொரு விஷயம், நிறைய பேர் முதல் மாசம் இதுலதான் குழம்புறாங்க. மத்திய அரசோட என்ஏபிஎஸ் திட்டத்துக்குக் கீழ சேர்ந்திருந்தா, ஸ்டைபண்ட்ல 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், அரசாங்கப் பங்கா நேரடியா உங்க பேங்க் அக்கவுண்டுக்கு வரும். மீதியை நிறுவனம் போடும். ரெண்டும் ஒரே நாள்ல வரும்னு நினைச்சுச் செலவு பண்ணாதீங்க. ஆதார் இணைச்ச அக்கவுண்ட் சரியா இருக்கான்னு முதல் வாரமே பார்த்துடுங்க.

சரி, 7,000-ல டூல்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? பத்துல ஒரு பங்கு, அதாவது மாசம் 700 ரூபாய், மூணு மாசத்துக்கு. மொத்தம் 2,100. ஒரு ஆரம்பக் கட்ட எலெக்ட்ரீஷியனுக்குத் தேவையான நல்ல டூல்ஸ் எல்லாமே இதுக்குள்ள அடங்கிடும். ஒரே நாள்ல எல்லாம் வாங்கணும்னு சட்டம் எதுவும் இல்ல.

எது உங்க செலவு, எது நிறுவனத்தோட செலவு?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

கையுறை, ரப்பர் ஷூ, ஹெல்மெட், சேஃப்டி பெல்ட், ஏணி, லைன் டெஸ்டர் மாதிரி பாதுகாப்புச் சாதனங்களை மின் வேலை செய்யுறவங்களுக்குக் கொடுத்தாகணும்னு மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதிமுறைகள் சொல்லுது. வேலை வாங்குறவங்க பொறுப்பு அது. "ஹெல்மெட்டும் ஷூவும் நீயே வாங்கிட்டு வா"ன்னு சொன்னா, தயங்காம, மரியாதையா ஹெச்ஆர்ல கேளுங்க. "சார், சேஃப்டி ஐட்டம்ஸ் கம்பெனி தருமா?"ங்கிற ஒரு வரி போதும்.

அதே மாதிரி டிரில் மெஷின், சுவர் அறுக்கிற கட்டர், பெரிய கிரிம்பிங் டூல், மெகர், கிளாம்ப் மீட்டர் எல்லாம் நிறுவனமோ கான்ட்ராக்டரோ வச்சிருக்க வேண்டியவை. அப்ரண்டிஸ் வாங்க வேண்டியவை இல்ல.

உங்க கையில இருக்க வேண்டியது, தினமும் பாக்கெட்லயும் பையிலயும் சுத்துற சின்ன கைக்கருவிகள் மட்டும்தான்.

இதோட சேர்த்து ஒண்ணு. அப்ரண்டிஸ் சட்டத்தோட 16-வது பிரிவுப்படி, பயிற்சி வேலையில அடிபட்டா இழப்பீடு கொடுக்கிற பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. ஆனா அதுக்கு உங்க பேர்ல முறையா ஒப்பந்தம் பதிவாகி இருக்கணும். "சும்மா வந்து கத்துக்கோ, ஒப்பந்தம் அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கிற இடத்துல எவ்வளவு நல்ல டூல் வச்சிருந்தாலும் உங்களுக்குப் பாதுகாப்பு பாதிதான். ஒப்பந்த நகலை ஒரு தடவை டவுன்லோட் பண்ணி வீட்டுல யாராவது ஒருத்தர் போனுக்கு அனுப்பி வச்சிடுங்க.

காசு பார்க்கக் கூடாத மூணு டூல்

ஒண்ணு, கட்டிங் பிளேயர். நாள் முழுக்க உங்க கையில இருக்கப் போறது இதுதான். 8 இஞ்ச், தடிமனான உறை போட்டது. டபாரியா, பை, ஸ்டான்லி மாதிரி தெரிஞ்ச பிராண்ட்ல 300 முதல் 400 ரூபாய்க்குள்ள சாதாரண மாடல் கிடைக்கும். கடைக்குக் கடை, மாசத்துக்கு மாசம் விலை மாறும். இது உத்தேசக் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. கைப்பிடியில பிளாஸ்டிக் உறை இருந்தாலே அது கரண்ட் தாங்குற டூல் ஆகிடாது. பல பிளேயர்ல அது பிடிமானத்துக்காகப் போட்ட உறை, அவ்வளவுதான். உயிர் லைன்ல வேலை செய்யத் தகுதியான டூலுக்கு ஐஇசி 60900ங்கிற சர்வதேசத் தரம் இருக்கு. அந்த டூல்ல ரெட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட்னும் பொறிச்சிருக்கும். ஒவ்வொரு டூலையும் 10,000 வோல்ட்ல சோதிச்ச பிறகுதான் அந்தக் குறியைப் போடுவாங்க. அதோட விலையும் சாதாரண பிளேயரைவிட ரெண்டு மூணு மடங்கு இருக்கும்.

அப்போ அதைத்தான் வாங்கணுமா? பட்ஜெட் இருந்தா தாராளமா. இல்லைன்னா சாதாரண நல்ல பிளேயர் போதும். ஆனா ஒரு நிபந்தனை: உங்க பிளேயருக்கு இன்சுலேஷனே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு வேலை செய்யுங்க. உறையை நம்பி உயிர் லைனைத் தொடாதீங்க. அப்ரண்டிஸ் ஒருத்தர் உயிர் லைன்ல வேலை செய்ய வேண்டிய அவசியமே கிடையாது. யார் சொன்னாலும்.

ரெண்டு, டெஸ்டர். 40 முதல் 80 ரூபாய்தான். அதுலயும் 15 ரூபாய் டெஸ்டர் தேடாதீங்க. உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா ஏன்னு புரியும். டெஸ்டருக்குள்ள ஒரு சின்ன நியான் விளக்கும், அதோட தொடர்ச்சியா ஒரு பெரிய மின்தடையும் இருக்கு. நீங்க தலைப்பகுதியைத் தொடும்போது, ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான கரண்ட் உங்க உடம்பு வழியாத்தான் தரைக்குப் போகுது. அதனாலதான் விளக்கு எரியுது. அந்தச் சின்ன மின்தடை மட்டும் தரமில்லாம இருந்தா, 230 வோல்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல வேற எதுவும் இல்ல. டெஸ்டர் ரிப்பேர் ஆனா பிரிச்சு, இன்னொரு டெஸ்டர் பாகத்தைப் போட்டு ஓட்டுறது இருக்கே, அதைச் செய்யவே செய்யாதீங்க. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.

மூணு, மல்டிமீட்டர். டெஸ்டர் எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தம் இல்ல. நல்ல வெயில்ல அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. மர ஏணி மேல, நல்ல ரப்பர் ஷூ போட்டு நின்னா மங்கலா எரியலாம், எரியாமலும் போகலாம். நியூட்ரல் அறுந்திருக்கிறதை டெஸ்டர் சரியாச் சொல்லாது. அதுக்குத்தான் மீட்டர்.

திருவண்ணாமலை மாதிரி ஊர்ல இது இன்னும் முக்கியம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம், கார்த்திகை தீபத்துக்கு ஊரே நிறைஞ்சு வழியும். லாட்ஜ், கல்யாண மண்டபம், மடம், ஆசிரமம்னு கரண்ட் போனா தாங்காத கட்டடங்கள் நிறைய. அப்படிப்பட்ட இடங்கள்ல இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் இருக்கும். மெயினை ஆஃப் பண்ணிட்டோம்னு நீங்க போர்டைத் திறந்தா, இன்வெர்ட்டர் லைன் உயிரோட காத்துக்கிட்டு இருக்கும். அதனால மெயின் ஆஃப் பண்ண பிறகும், "அண்ணே, இங்க இன்வெர்ட்டர் இருக்கா? எந்தெந்த ரூமுக்குப் போகுது?"ன்னு கேட்டுட்டுத்தான் கை வைக்கணும்.

மீட்டர் வாங்கும்போது 200 ரூபாய் மஞ்சள் மீட்டரைத் தவிருங்க. பேட்டரி, சின்ன சர்க்யூட் பார்க்க அது போதும். வீட்டு மெயின் லைனுக்கு வேண்டாம். மீட்டர் முகப்புல கேட் 2, கேட் 3ன்னு ஒரு பாதுகாப்பு அளவு போட்டிருக்கும். பிளக் பாயிண்ட் வரைக்கும் கேட் 2, டிஸ்ட்ரிபியூஷன் போர்டு பக்கம் போனா கேட் 3, 600 வோல்ட். உள்ள ஃபியூஸ் இருக்கா, புரோப் வயர் தடிமனா இருக்கான்னு பாருங்க. 700 முதல் 1,000 ரூபாய்க்குள்ள ஆரம்பக் கட்டத்துக்கு ஏத்த மீட்டர் கிடைக்கும்.

இந்த ரெண்டையும் பயன்படுத்துறதுக்கு ஒரு பழக்கம் இருக்கு. செலவே இல்லாத பழக்கம். முதல்ல கரண்ட் இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்ச ஒரு பாயிண்ட்ல வச்சுப் பாருங்க, டெஸ்டர் வேலை செய்யுதா? அப்புறம் நீங்க வேலை செய்யப் போற இடத்துல பாருங்க. மறுபடியும் அந்தத் தெரிஞ்ச பாயிண்ட்ல வச்சுப் பாருங்க. மூணு தடவை. அரை நிமிஷம்கூட ஆகாது.

மூணு மாசத் திட்டம்

முதல் மாசம்:
- 8 இஞ்ச் கட்டிங் பிளேயர்: ரூ. 300 – 400
- டெஸ்டர்: ரூ. 40 – 80
- ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு, ஒண்ணு பட்டை, ஒண்ணு ஸ்டார்: ரூ. 120 – 150
- இன்சுலேஷன் டேப்: ரூ. 10 – 20

மொத்தம் 470 முதல் 650 வரைக்கும். இந்த நாலு இருந்தா யாரும் உங்களை "டூல்ஸ் இல்லாம வந்திருக்கான்"னு சொல்ல முடியாது.

ரெண்டாவது மாசம்:
- வயர் ஸ்ட்ரிப்பர்: ரூ. 150 – 250
- 5 மீட்டர் அளவு டேப்: ரூ. 120 – 200
- எலெக்ட்ரீஷியன் கத்தி: ரூ. 40 – 100

மொத்தம் 310 முதல் 550. ஸ்ட்ரிப்பர் எதுக்கு, பல்லும் பிளேயரும் இருக்கேன்னு சிலர் கேட்பாங்க. பிளேயரால உறிக்கும்போது உள்ள இருக்கிற செம்புக் கம்பி இழைகள் ரெண்டு மூணு அறுந்துடும். அந்த இடம் பலவீனமாகி, பின்னாடி லோடு ஏறும்போது சூடாகும். நீங்க செஞ்ச வேலை ஆறு மாசத்துல கருகினா, பேர் போறது உங்களுக்குத்தான். பல்லைப் பத்திச் சொல்லவே வேண்டாம். பல் டாக்டர் ஃபீஸ் ஸ்ட்ரிப்பரைவிட அதிகம்.

மூணாவது மாசம்:
முதல் ரெண்டு மாசமும் அதிகபட்ச விலைக்கே வாங்கியிருந்தாலும், ஒதுக்கின 1,400-ல 200 ரூபாய் மிச்சம் இருக்கும். இந்த மாச 700 சேர்த்தா கையில 900. அதுல மல்டிமீட்டர். பேரம் பேசி வாங்கியிருந்தா இன்னும் கொஞ்சம் நல்ல மீட்டரே வாங்கலாம்.

மீட்டர் வர்ற வரைக்கும் சீனியர் அண்ணனோட மீட்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்க. அவர் எப்படி டயலைத் திருப்புறார், எங்க புரோப் வைக்கிறார்னு கவனிச்சாலே பாதி படிப்பு முடிஞ்சிடும்.

நோஸ் பிளேயர், சைடு கட்டர், சின்னச் சுத்தியல் எல்லாம் நாலாவது மாசத்துக்குப் பிறகு, ஒரு மாசத்துக்கு ஒண்ணு. அதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிடும், நீங்க செய்யுற வேலைக்கு எது அடிக்கடி தேவைப்படுதுன்னு. பேனல் வேலைன்னா நோஸ் பிளேயர் முதல்ல. வீட்டு வயரிங்னா சுத்தியலும் உளியும் முதல்ல. செய்யாறு சிப்காட் மாதிரி தொழிற்சாலைப் பக்கம் சேர்ந்தவங்களுக்கு மெயின்டனன்ஸ் டிபார்ட்மெண்ட்லயே நிறைய டூல் இருக்கும். அவங்க இன்னும் நிதானமா வாங்கலாம்.

299 ரூபாய் செட் ஏன் வேண்டாம்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். 350 ரூபாய் பிளேயர் ஒண்ணு அஞ்சு வருஷம் உழைக்குதுன்னு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு 250 நாள் வேலைன்னா 1,250 நாள். ஒரு நாளைக்கு 28 பைசா.

120 ரூபாய் பிளேயர் நாலு மாசத்துல வாய் தேய்ஞ்சு, கம்பியை வெட்டாம மென்னுக்கிட்டு நிக்குதுன்னா, அஞ்சு வருஷத்துக்கு 15 பிளேயர் வாங்கணும். 1,800 ரூபாய். அஞ்சு மடங்குக்கும் மேல. இதுல அது வழுக்கி விரலைக் கிழிச்ச செலவு சேரலை.

செட்ல இன்னொரு சிக்கல், 15 ஐட்டத்துல பாதி உங்களுக்குத் தேவையே இருக்காது. ஆறு சைஸ் குட்டி ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன ஸ்பேனர், வளைஞ்சு போற ஒரு டெஸ்டர். எண்ணிக்கை கூடத் தெரியுறதுக்காகப் போட்டது. வாங்கினா ஒவ்வொண்ணா, பேர் தெரிஞ்சதா வாங்குங்க.

அதுக்காக எல்லாத்துலயும் பிராண்ட் பார்க்கணும்னு இல்ல. அளவு டேப், சுத்தியல், உளி, பென்சில், டூல் பை, இதெல்லாம் சுமாரானதே போதும். டூல் பைக்கு 800 ரூபாய் கொடுக்காதீங்க. ரெக்ஸின் பை தைக்கிறவர்கிட்ட சொன்னா உங்க டூல் அளவுக்கு அறை வச்சுத் தைச்சுக் கொடுப்பார்.

எங்க வாங்கலாம்?

திருவண்ணாமலையிலேயே, தேரடி வீதி பக்கமோ போளூர் ரோடு, செங்கம் ரோடு பக்கமோ இருக்கிற ஹார்டுவேர், எலெக்ட்ரிக்கல் கடைகள்ல இந்தப் பட்டியல் முழுசும் கிடைக்கும். குறைஞ்சது ரெண்டு கடையில விலை கேளுங்க. பௌர்ணமி அன்னைக்குப் போகாதீங்க. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திடுவாங்க, கடைக்காரருக்கும் நின்னு பேச நேரம் இருக்காது.

"சென்னைக்குப் போனா பாரிமுனையில மொத்த விலைக்கு வாங்கலாமே?" வாங்கலாம். 2024 மே மாசத்துலேர்ந்து திருவண்ணாமலைக்கும் சென்னை கடற்கரைக்கும் நேரடி ரயிலே ஓடுது. கடற்கரை ஸ்டேஷன்ல இறங்கினா பாரிமுனை நடந்து போற தூரம். ஆனா கணக்கைப் பாருங்க. 650 ரூபாய்ச் சாமானுக்கு 100 ரூபாய் குறையும்னு வைங்க. விடியக்காலையில கிளம்பினா வீடு திரும்ப நடுராத்திரி ஆகிடும். ஒரு நாள் லீவு. 7,000-ஐ 26 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 269 ரூபாய். சாப்பாடு, டிக்கெட் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?

உங்க பேட்ச்ல அஞ்சாறு பேர் சேர்ந்து பட்டியல் போட்டு, ஏற்கனவே சென்னை போற ஒருத்தர்கிட்ட பணம் கொடுத்து அனுப்பினா, அது வேற கணக்கு. அப்போ லாபம்தான்.

ஆன்லைன்ல விலை குறைவா இருக்கலாம். ஆனா பிராண்ட் பேர்ல போலி வர்ற ஆபத்து உண்டு. விக்கிறவர் பேரையும் ரிட்டர்ன் விதியையும் பாருங்க. என் யோசனை: பிளேயர், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் மூணையும் கையில பிடிச்சுப் பார்த்தே வாங்குங்க. மீட்டரை வேணும்னா ஆன்லைன்ல விலை ஒப்பிட்டு வாங்கலாம்.

கடையில நின்னு பார்க்க வேண்டியவை

- பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. வெட்டுற வாய்ல இடைவெளி தெரிஞ்சா வேண்டாம்.
- ஒரு துண்டு கம்பி கேட்டு வெட்டிப் பாருங்க. ஒரே அமுக்குல சுத்தமா அறுபடணும்.
- திறந்து மூடும்போது பக்கவாட்டுல ஆடக் கூடாது. அதுக்காக ரெண்டு கை போட்டு இழுக்கிற அளவுக்கு இறுக்கமாவும் இருக்கக் கூடாது.
- உறையைத் திருகிப் பாருங்க. கழண்டு வந்தா விட்டுடுங்க.
- டெஸ்டரைக் கடைக்காரர் முன்னாடியே பிளக் பாயிண்ட்ல வச்சுப் பாருங்க. உடம்புப் பகுதியில கீறல், விரிசல் இருக்கக் கூடாது.
- ஸ்க்ரூ டிரைவரை உருட்டிப் பாருங்க. தண்டு வளைஞ்சிருந்தா உடனே தெரிஞ்சிடும்.
- பில் கேளுங்க. மீட்டருக்குக் கண்டிப்பா கேளுங்க.

பழைய டூல் வாங்கலாமா? சுத்தியல், உளி, அளவு டேப் தாராளமா வாங்கலாம். டெஸ்டர், மீட்டர், உறை போட்ட டூல் மட்டும் பழசு வேண்டாம். உறைக்குள்ள இருக்கிற விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

இப்போ வாங்கவே வேண்டாதவை

டிரில் மெஷின் இஎம்ஐ-யில வேண்டாம். 4,000 ரூபாய் மெஷினை மாசம் 400-ன்னு சொல்லும்போது சின்னதாத் தெரியும். உங்க டூல்ஸ் பட்ஜெட்ல பாதிக்கு மேல பத்து மாசத்துக்கு அதுவே சாப்பிட்டுடும். அதுவும் கான்ட்ராக்டர்கிட்ட ஏற்கனவே இருக்கிற ஒரு மெஷினுக்காக. தனியா வேலை எடுத்துச் செய்யுற காலம் வந்ததும், அந்த வேலைப் பணத்துலயே வாங்கிக்கலாம். டூல் வாங்கக் கடன் ஆப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க.

"அரசாங்கம் 15,000 ரூபாய்க்கு இலவச டூல்கிட் தருது, 500 ரூபாய் கட்டிப் பதிவு பண்ணுங்க"ன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்தா உஷார். 2023 செப்டம்பர் 17-ல தொடங்கின பிஎம் விஸ்வகர்மா திட்டத்துல 15,000 ரூபாய் டூல்கிட் ஊக்கத்தொகை இருக்கிறது உண்மை. ஆனா தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், கொத்தனார், தையல்காரர்னு அதுல இருக்கிற 18 தொழில்கள்ல எலெக்ட்ரீஷியன் இல்ல. அந்த 500 ரூபாய்க்கு ஒரு நல்ல பிளேயரும் டெஸ்டரும் வாங்கிடலாம்.

வாங்கின டூலைக் காப்பாத்துறது எப்படி?

சைட்ல டூல் தேய்ஞ்சு போறதைவிடத் தொலைஞ்சு போறதுதான் அதிகம். எல்லாருடைய பிளேயரும் ஒரே மாதிரிதான் இருக்கும். கைப்பிடி அடியில நெயில் பாலிஷ் வச்சு ரெண்டு கோடு போடுங்க. சாயந்திரம் கிளம்பும்போது எண்ணிப் பையில போடுங்க. இரவல் கொடுத்தா யாருக்குக் கொடுத்தீங்கன்னு போன்ல ஒரு வரி எழுதி வைங்க.

பிளேயரைச் சுத்தியலா அடிக்காதீங்க. டெஸ்டரை ஸ்க்ரூ டிரைவரா திருகாதீங்க. உடம்பு விரிஞ்சா அது டெஸ்டர் இல்ல, ஆபத்து. மாசத்துக்கு ஒரு தடவை பிளேயர் மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய், உறையில எண்ணெய் படாம. மழையில நனைஞ்ச டூலைத் துடைச்சுக் காய வச்சுட்டுத்தான் எடுக்கணும்.

மூணு மாசம் முடிஞ்ச பிறகும் டூல்ஸுக்குன்னு மாசம் 100 ரூபாய் தனியா ஒரு உண்டியல்ல போட்டுக்கிட்டு வாங்க. ஸ்டைபண்ட் வந்த அன்னைக்கே. வருஷத்துக்கு 1,200. தொலைஞ்சதோ உடைஞ்சதோ, கடன் கேட்காம அன்னைக்கே புதுசு வாங்கிடலாம். உடைஞ்ச டெஸ்டரை "சம்பளம் வரட்டும்"னு பத்து நாள் ஓட்ட மாட்டீங்க. இந்த உண்டியலோட முக்கிய பலனே அதுதான்.

மீதி 600? மூணாவது மாசத்துக்குப் பிறகு அது உங்க அவசர நிதிக்குப் போகட்டும். அப்ரண்டிஸ் காலம் முடிஞ்சு அடுத்த வேலை கிடைக்கிறதுக்குள்ள ஒண்ணு ரெண்டு மாசம் இடைவெளி விழலாம். அப்போ கைகொடுக்கிறது அந்தப் பணம்தான்.

கடைசியா, கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய மூணு வேலை. ஒப்பந்த நகலை எடுத்துத் தொகையைப் பாருங்க. நிறுவனம் என்னென்ன டூல் தருதுன்னு கேட்டு எழுதிக்கோங்க. மேல இருக்கிற பட்டியல்ல அதை அடிச்சுட்டு, மிச்சத்தை மட்டும் வாங்குங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ இந்த வருஷம் எலெக்ட்ரீஷியன் அப்ரண்டிஸா சேர்ந்த பையனோ பொண்ணோ இருந்தா, இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. முடிஞ்சா கூடவே ஒரு நல்ல டெஸ்டரும் வாங்கிக் கொடுங்க. 80 ரூபாய்தான்.